செக்கோவின் பத்தாயிரம் அட்டைகள்

ரஷ்ய எழுத்தாளர் அன்ரன் செக்கோவ் 1890 நவம்பரில் கொழும்பில் இறங்கினார். புகையிரதமேறிக் கண்டிக்குப் போனார். இந்தத் தீவு சொர்க்கம் என்று கடிதம் எழுதினார். போகும்போது கீரிகளையும் வாங்கிக் கப்பலேற்றினார். இலங்கையில் அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இதோடு முடிந்துவிடுகிறது. அதற்கு முந்தைய மூன்று மாதங்களை அவர் எங்கே கழித்தார் என்பதுதான் திருகோணமலை வாசகருக்குப் பயன்படும் செய்தி.

அவர் சக்கலினில் இருந்தார். ரஷ்யாவின் கிழக்குக் கோடியில், ஜார் அரசு கைதிகளை நாடுகடத்திய தீவு அது. செக்கோவ் படித்துப் பட்டம் பெற்ற மருத்துவர். காசநோயின் அறிகுறிகள் அவரிடமே தென்பட்டிருந்தன. அப்படியிருந்தும் சைபீரியாவைக் கடந்து அங்கே போய், அச்சடித்த அட்டைகளோடு வீடு வீடாக ஏறினார். பெயர், வயது, பிறந்த ஊர், தீவுக்கு வந்த ஆண்டு, தொழில், எழுத்தறிவு, நோய் என்று கேட்டுக் குறித்தார். அட்டைகள் பத்தாயிரம் அளவில் சேர்ந்தன. அரசியல் கைதிகளுடன் பேச மட்டும் அவருக்கு அனுமதியில்லை.

அட்டையில் அடங்காத பதில்களும் வந்தன. ஒரு வீட்டில் பத்து வயதுப் பையன் ஒருவன், கணவனைக் கொன்றதற்காகத் தன் தாய் இங்கே அனுப்பப்பட்டதைச் சாதாரணமாகச் சொன்னான். செக்கோவ் அதையும் எழுதிவைத்தார். ஒரு கைதிக்குத் தொண்ணூறு கசையடி விழுந்ததை நின்று பார்த்தும் எழுதினார்.

திரும்பும் கப்பலில் இருவர் இறந்தார்கள். உடல்கள் கடலில் இறக்கப்பட்டன. இலங்கையில் கருக்கொண்ட ‘கூசெவ்’ கதையில், ஊர் திரும்பும் சிப்பாய் ஒருவன் நோயால் இறந்து அப்படித்தான் கடலுக்குப் போகிறான். கதை அந்த டிசம்பரிலேயே வெளியானது. ‘சக்கலின் தீவு’ நூலாக வர 1895 ஆயிற்று. ‘கடற்பறவை’, ‘மூன்று சகோதரிகள்’, ‘செர்ரித் தோட்டம்’ ஆகிய நாடகங்கள் எல்லாம் அதற்குப் பிறகு மேடையேறியவை. 1904இல், 44 வயதில், அவர் காலமானார்.

மூதூருக்குப் பக்கத்துக் கட்டைபறிச்சானுக்கு இதில் என்ன வேலை? 2006 ஏப்ரலில் போரின் நடுவே அயலூரான சம்பூரில் குண்டு விழ, அங்கிருந்த சனம் கிளம்பியது. மட்டக்களப்பு வரை அலைந்து திரும்பியவர்களில் பலர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தார்கள். அவர்களுடைய காணியில் 818 ஏக்கர் முதலீட்டு வலயத்துக்கென ஒதுக்கப்பட்டது. அது விடுபட 2015 ஆயிற்று; கடற்படை முகாம் இருந்த காணி அதற்குப் பிறகும் இழுபட்டது.

இந்த ஆண்டுகளைப் பற்றிப் பதிவே இல்லையென்று சொல்ல முடியாது. பிரதேச செயலகத்திலும் தொண்டு நிறுவனங்களிலும் படிவங்கள் இருக்கும். ஆனால் அவை நிவாரணம் கொடுப்பதற்காக நிரப்பப்பட்டவை: எத்தனை பேர், எத்தனை தறப்பாள், எவ்வளவு அரிசி. மறுபக்கம், போரைப் பற்றிய நம் கதைகளிலும் கவிதைகளிலும் கண்ணீருக்குப் பஞ்சமில்லை. முகாமில் தண்ணீர் எங்கிருந்து வந்தது, எந்த வகுப்போடு பிள்ளை படிப்பை நிறுத்தியது, பத்து வருடம் கடலுக்குப் போகாதவர் எதைச் செய்து பிழைத்தார் போன்ற விவரங்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது. விவரம் சேர்ப்பது, கதை எழுதுவது ஆகிய இரண்டு வேலையையும் செக்கோவ் ஒரே கையால் செய்தார்.

‘தோணி’ எழுதிய வ.அ. இராசரத்தினம் மூதூர்க்காரர். கடற்கரைச் சனத்தின் பாட்டைக் கதையாக்கும் வழக்கம் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. எழுத ஆசைப்படும் இளையவர்கள் முதலில் அட்டையும் பேனாவுமாகக் கட்டைபறிச்சானிலும் சம்பூரிலும் வாசல் வாசலாக ஏறட்டும். உயர்தர மாணவர்களை இதற்குத் தயார்ப்படுத்த ஆசிரியர்களால் முடியும். சேர்ந்ததை ஊர் வாசிகசாலையில் வைக்கலாம். 2006இல் குடும்பத்தலைவராக இருந்தவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும்.