ஏழு தலைமுறைக் கணக்கு

சென்ற மாதம் வந்த ஒரு சிற்றிதழில் (பெயர் வேண்டாம், நம் வாசகர்களுக்குத் தெரியும்) கற்பனை வேட ஆட்டங்களைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று. ஆளுக்கொரு பாத்திரமாக வேடமேற்று, இருபது முகப் பகடையை உருட்டி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து இரவு முழுக்கக் கதை கட்டுகிற ஆட்டம். நம் பிள்ளைகளும் ஆடத் தொடங்கிவிட்டார்கள் என்று கட்டுரையாளர் மகிழ்ந்திருக்கிறார். நமக்கும் மகிழ்ச்சிதான். அதை அடுத்து வருகிறது அந்தத் தீர்ப்பு. தமிழில் பேய் உண்டு, மோகினி உண்டு. மனிதரோடு பேரம் பேசி, வாக்கு வாங்கி, மீறினால் சபிக்கிற மாய இனத்தார் மட்டும் இல்லையாம். அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் இரவல் வாங்கிக்கொள்வதுதான் வழியாம்.

ஜொகூரின் பண்டார் தெங்காராவில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிப்பது கொஞ்சம் கடினம். செம்பனைக்கு நடுவே அரசாங்கம் திட்டம் போட்டு எழுப்பிய ஊர் இது; பழங்கதை எதுவும் ஒட்டியிருக்காது என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். கோத்தா திங்கி இங்கிருந்து அதிகத் தொலைவில்லை. அங்கே கம்போங் மாக்காமில் இருக்கிறது ஒரு சுல்தானின் கல்லறை. மாய இனத்தோடு போட்ட ஒப்பந்தம் ஒன்று பல நூற்றாண்டு ஓடிக் கடைசியில் அறுந்த இடம் அது. கட்டுரையாளர் ஒரு பேருந்துச் சீட்டு வாங்கியிருந்தால் போதும்.

கதை கடலுக்கடியில் தொடங்குகிறது. துன் ஸ்ரீ லானாங் 1612இல் ஜொகூரில் இருந்து தொகுத்த செஜாரா மெலாயு என்ற மலாய் நூலில் கெலிங் (தென்னிந்திய) நாட்டு அரசன் ஒருவன் வருகிறான். சுரான் என்றும் சூலான் என்றும் பிரதிக்குப் பிரதி பெயர் மாறும். சோழ நினைவுதான் அது என்பது பழைய வாதம். அவன் கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்து கடலில் இறங்கி, அடியில் ஒரு நாட்டைக் கண்டு, அதன் இளவரசியை மணக்கிறான். மூன்று பிள்ளைகள் பிறக்கின்றன. பிறகு அவனுக்குத் தரைமேல் இருக்கிற தன் அரசுரிமை நினைவுக்கு வருகிறது. பிள்ளைகள் வளர்ந்ததும் மேலுலகுக்கு அனுப்புங்கள் என்று மாமனாரிடம் சொல்லிவிட்டுக் கடற்குதிரை ஏறிக் கரைசேர்கிறான். இளவரசி அங்கேயே. பொன்னியின் செல்வனைத் தலையணையடியில் வைத்து வளர்ந்த நாம், ஒரு சோழன் கடலுக்கடியில் குடும்பம் வைத்திருந்த கதையைப் பள்ளியில் மலாய்ப் பாடமாகப் படித்துத் தேர்வெழுதி மறந்துவிட்டோம்.

அந்த வழியில் வந்த சாங் சபுர்பா பாலெம்பாங்கில் புக்கிட் சிகுந்தாங் மலைமேல் தோன்றுகிறான். அவனோடு சேர்ந்த பெண்களுக்கெல்லாம் உடம்பில் நோய்த் தேமல் படர்கிறது; முப்பத்தொன்பது பேர். அடுத்து அந்நாட்டுத் தலைவர் டெமாங் லேபார் டாவுனின் மகளைக் கேட்கிறான். டெமாங் அடிமைபோலக் குனிந்து கொடுக்கவில்லை, பேரம் பேசுகிறார். உங்கள் வம்சம் எங்கள் வம்சத்தை நன்றாக நடத்த வேண்டும். எவ்வளவு பெரிய குற்றமானாலும் இழிவுபடுத்தக் கூடாது. மெய்யான குற்றமென்றால் கொல்லலாம், மானத்தைத் தொடக் கூடாது. சரி என்கிறான் சாங் சபுர்பா, பதிலுக்கு உங்கள் வம்சம் எங்கள் வம்சத்துக்கு ஒருநாளும் துரோகம் செய்யக் கூடாது, நாங்கள் கொடுங்கோலரானாலும். டெமாங் இதற்கும் சம்மதித்து ஒரு வரியைச் சேர்க்கிறார்: நீங்கள் முதலில் மீறினால் நாங்களும் மீறுவோம்.

அந்த வரிக்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். மாய வம்சத்தின் முகத்துக்கு நேரே நின்று மனிதன் சேர்த்த நிபந்தனை அது. கட்டுரையாளர் கொண்டாடும் ஆட்டப் புத்தகத்தில் அப்படி ஒரு வரியைத் தேடிப் பாருங்கள். டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்டது. அதன் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் வார்லாக் என்றொரு பாத்திர வகை. ஃபே எனப்படும் மாய இனத்துப் பெருந்தலைவர் ஒருவரோடு உடன்படிக்கை செய்துகொண்டு ஆற்றல் பெறுகிறவர். என்னென்ன ஆற்றல் கிடைக்கும் என்பது நிலைவாரியாக அட்டவணை போட்டு இருக்கிறது. பதிலுக்கு என்ன கொடுக்க வேண்டும்? அதை ஆட்டம் நடத்துகிறவர் பார்த்துக்கொள்வாராம். நடைமுறையில் என்ன ஆகும்? ஆடுகிறவர் வாய்தவறிச் சொன்ன ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அந்த மாய இனத்தார் அவர் பெயரையோ நிழலையோ முதல் பிள்ளையையோ பறித்துக்கொள்வார்கள். வழக்கறிஞர் வேலை. மாட்டிக்கொள்வது எப்போதும் பலமில்லாதவன்.

சாபத்தின் கதி இன்னும் மோசம். அந்த ஆட்டத்தில் சாபம் நீக்க மூன்றாம் நிலை மந்திரம் ஒன்று இருக்கிறது. தொட்டால் போதும், சாபம் எவ்வளவு பழையதானாலும் நீங்கிவிடும்.

கோத்தா திங்கியில் அப்படி நடக்கவில்லை. சுல்தான் மாமுட்டின் தோட்டத்துப் பலாவில் ஒரு சுளையைத் தின்றாள் என்று கர்ப்பிணி ஒருத்தியின் வயிற்றைக் கிழிக்க உத்தரவானது. கடற்படைத் தலைவன் மெகாட் ஸ்ரீ ராமாவின் மனைவி அவள். 1699இல் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பல்லக்கில் தூக்கிச் செல்லப்பட்ட சுல்தானை அவன் வழிமறித்துக் குத்தினான். சாகும்போது சுல்தான் எறிந்த கிரிஸ் குறுவாள் அவன் கால்விரலில் பட்டது, உன் வம்சத்தார் ஏழு தலைமுறைக்குக் கோத்தா திங்கியில் கால்வைத்தால் இரத்தம் கக்கிச் சாவார்கள் என்று சபித்தார் என்பது மக்கள் சொல்வது. வாக்கை முதலில் மீறியது யார் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. சபித்தவரின் வம்சமும் அத்தோடு முடிந்தது. புக்கிட் சிகுந்தாங் வழி நேராக ஓடிவந்தது அந்த ஊர்ச் சாலையில் நின்றுபோனது. சாபம் இரண்டு பக்கமும் விழுந்தது என்பதைக் கவனியுங்கள். இப்படி ஓர் ஆட்டம் வந்தால் நானும் பகடை வாங்கத் தயார்.

செஜாரா மெலாயுவில் குனோங் லேடாங் மலையின் மாய இளவரசியும் இருக்கிறாள். மலாக்கா சுல்தான் பெண்கேட்டு அனுப்ப, அவள் தரப்பிலிருந்து பட்டியல் வருகிறது: மலாக்காவிலிருந்து மலைவரைக்கும் ஒரு பொன்பாலம், ஒரு வெள்ளிப்பாலம், ஏழு தட்டு கொசு ஈரல், ஏழு தட்டு கிருமி ஈரல், ஒரு மிடா கண்ணீர், ஒரு மிடா இளம்பாக்குச் சாறு, அரசனின் இரத்தம் ஒரு கிண்ணம், மகனின் இரத்தம் ஒரு கிண்ணம். மற்றதெல்லாம் முடியும், இரத்தம் எடுக்க மட்டும் மனம் வரவில்லை என்கிறான் சுல்தான். கொசு ஈரலுக்கு அவன் அஞ்சவில்லை! ஓர் அரசாங்கத்தின் இயல்பை இதைவிடச் சுருக்கமாக எவரும் எழுதிவிட முடியாது. குடியானவர்களை விட்டுக் கொசு பிடிக்கச் சொல்லலாம், கண்ணீருக்கும் பஞ்சமிருக்காது. தன் கையை அறுத்துக்கொள்ள வேண்டிய இடத்தில்தான் ஒப்பந்தம் முறிகிறது.

இவை மலாய்க் கதைகளல்லவா, தமிழில் எங்கே என்பார் கட்டுரையாளர். வருகிறேன். பழையனூர் நீலியை அவர் பேய்க்கணக்கில் எழுதிவிட்டார். அவள் கதையின் உயிர் பேயில் இல்லை, வாக்கில் இருக்கிறது. கள்ளிக்கட்டையைப் பிள்ளையாக்கி இடுப்பில் ஏந்தி, வணிகனைத் தன் கணவன் என்று ஊர்ச்சபையில் வாதாடி வெல்கிறாள். அவன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு, ஏதாவது நேர்ந்தால் தீக்குளிப்போம் என்று வேளாளர் எழுபதுபேர் வாக்குக் கொடுக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபதுபேரும் தீயில் இறங்கினார்கள். மாயப்பெண் ஏமாற்றிவிட்டாள், ஆகவே வாக்குச் செல்லாது என்று ஒருவர்கூட வாதிடவில்லை. அவர்களும் பேரம் பேசத் தெரிந்தவர்கள்தான்.

அந்த நீலியைச் சமணர் ஒருவர் எடுத்துக்கொண்டு போய் என்ன செய்தார்! நீலகேசிக் காப்பியத்தை 1936இல் சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்திராவிட்டால் நமக்கு இது தெரிந்திருக்காது. முனிவரை மயக்கப்போன பேய் அவரிடம் தோற்று அறம் கேட்டுத் தர்க்கவாதியாகிறது. பிறகு ஊர் ஊராகப் போய் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி என்று ஒவ்வொருவரையும் வாதில் வெல்கிறது. கடைசியில் பூதவாதி; கண்ணால் காணாததை ஒப்பமாட்டேன் என்கிறவன். அவனுக்கு மட்டும் நீலகேசி தன் பழைய பேயுருவைக் காட்டுகிறாள். பதினெட்டு வயதில் இதைப் படித்துவிட்டு ஒரு வாரம் யாரோடும் வாதம் செய்யாமல் இருந்தேன். கட்டம் கட்டமாக எதிராளி, ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் ஆயுதம், இறுதியில் மறைத்துவைத்த சக்தி. ஆட்டப் புத்தகம் எழுதுகிறவர்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அயர்லாந்துக்காரர்கள் மேல் நமக்குக் கோபமில்லை. அவர்களுடைய மாய இனத்தாரும் குழந்தைப் பொம்மைகளல்ல. 1895இல் டிப்பரரியில் பிரிட்ஜெட் கிளியரியை அவள் கணவன் எரித்துக் கொன்றான், இவள் என் மனைவியல்ல, அவர்கள் மாற்றி வைத்துவிட்டுப் போனவள் என்று சொல்லி. ஆட்டப் புத்தகம் இதைத் துடைத்துவிட்டு இறகும் மினுமினுப்பும் ஒட்டிவிற்கிறது. நம் கட்டுரையாளர் அந்த மினுமினுப்பை மூலம் என்று எடுத்துக்கொண்டார். இரவல் வாங்குகிறவர் குறைந்தபட்சம் அசலையாவது இரவல் வாங்க வேண்டாமா?

எரிச்சல் ஒரு கட்டுரையோடு தீராது. நம் விமர்சகர்களுக்கு இல்லைப் பட்டியல் போடுவது தொழிலாகிவிட்டது. தமிழில் துன்பியல் இல்லை, துப்பறியும் மரபு இல்லை, மிகைப்புனைவு இல்லை, இப்போது ஒப்பந்தம் போடும் தேவதையும் இல்லை. ஒரு காலத்தில் இயல்புவாதக் கெடுபிடி முனியையும் மோகினியையும் லயத்துக்கு வெளியே விரட்டியது. முனீஸ்வரனுக்குச் சுருட்டும் சாராயமும் வைத்து, பிள்ளை பிழைத்தால் கெடா வெட்டுகிறேன் என்று தோட்டத்துக் கிழவி போட்ட ஒப்பந்தம் மூடநம்பிக்கை என்று ஒதுக்கப்பட்டது. தோட்டத்து யதார்த்தக் கதைகளில் அதற்கு இடமிருக்கவில்லை. அதே பள்ளியில் படித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மாய யதார்த்தத்தை லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் தேவதைகளை அயர்லாந்திலிருந்தும் வரவழைக்கிறார்கள். கிழவியின் கடன் இன்னும் கட்டப்படவில்லை என்பதை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நீலியையோ டெமாங்கையோ வைத்து ஆட்டம் எழுதிப் பார்க்க விரும்புகிறவர்கள் அனுப்புங்கள், அடுத்த இதழில் எட்டுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். விதி ஒன்றுதான்: சாபம் நீக்கும் மந்திரம் எந்த நிலையிலும் கிடையாது. சன்மானமும் கிடையாது, வழக்கம்போல.