மானா பனிச்சரிவு: எச்சரிக்கைக்குப் பின் யார் பொறுப்பு?

உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில், திபெத் எல்லையை ஒட்டி, சுமார் 3,200 மீட்டர் உயரத்தில் உள்ளது மானா. அங்கிருந்த எல்லைச் சாலைகள் அமைப்பின் தொழிலாளர் முகாமை 2025 பிப்ரவரி 28 அதிகாலையில் பனிச்சரிவு மூடியது. சிக்கிய 54 பேரில் 46 பேர் மீட்கப்பட்டனர். 8 பேர் உயிரிழந்தனர். இதை எதிர்பாராத இயற்கைச் சீற்றம் என்று கடந்துவிட முடியாது. சமோலி உள்ளிட்ட மாவட்டங்களில் 2,400 மீட்டருக்கு மேற்பட்ட பகுதிகளுக்குச் சண்டிகரில் உள்ள பாதுகாப்புப் புவித்தகவல் ஆராய்ச்சி நிறுவனம் முந்தைய நாளே எச்சரிக்கை விடுத்திருந்தது.

மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் 'மேற்கத்திய இடையூறு' குளிர்காலத்தின் பிற்பகுதியில் ஓரிரு நாள்களில் பெரும் பனியைக் கொட்டிச் செல்வது இமயத்தில் வழக்கமே. முன்பே படிந்து, உள்ளுக்குள் பிடிப்பிழந்த பனியின்மீது புதிய பனியின் பாரம் ஏறும்போது, 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில் அடுக்கு அப்படியே பெயர்ந்து இறங்கும். எந்த நொடியில் என்று சொல்ல இயலாது. எந்தச் சரிவுகளில், எத்தகைய வானிலையில் என்று சொல்ல இயலும்.

மீட்புப் படையினரின் துணிவைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால், பனியில் நேரடியாகப் புதைந்தவருக்குக் கால் மணி நேரத்துக்குப் பின் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைந்துவிடும். மோசமான வானிலையில் எந்த ஹெலிகாப்டரும் அதற்குள் வந்து சேராது. மானாவில் பலரைக் காத்தவை அவர்கள் தங்கியிருந்த எஃகுக் கொள்கலன்களே.

108 திவ்விய தேசங்களுள் ஒன்றான பத்ரிநாத், மானாவிலிருந்து சுமார் 3 கி.மீ. தொலைவில் உள்ளது. நவம்பரில் கோயில் நடை சாத்தப்படும். மானா மக்களும் கீழேயுள்ள ஊர்களுக்குக் குடிபெயர்வார்கள். தலைமுறைகளாக அங்கு வாழ்பவர்களே தங்கத் துணியாத பருவத்தில், பிற மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் பனி அகற்றுவதற்காக அங்கே தங்கியிருந்தனர். இதே மாவட்டத்தின் சும்னாவில் 2021 ஏப்ரலிலும் இதே அமைப்பின் முகாமைப் பனிச்சரிவு தாக்கிப் பத்துப் பேருக்கு மேல் மாண்டனர்.

மானா கணவாய்க்குச் செல்லும் பாதை ராணுவத்துக்கு இன்றியமையாதது, ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் பணியை நிறுத்த முடியாது என்பார்கள். நியாயமான வாதம்தான். ஆனால், சாலையின் தடத்தை மாற்ற முடியாவிட்டாலும், தொழிலாளர் உறங்கும் இடத்தை மாற்றலாம். பனிச்சரிவுத் தடங்களிலிருந்து விலகிய இடத்தில் மட்டுமே குளிர்கால முகாமுக்கு அனுமதி அளிக்க வேண்டும். எச்சரிக்கை குறிப்பிட்ட நிலையைத் தாண்டினால் முகாமைக் காலி செய்யும் பொறுப்பு, பெயர் குறிப்பிட்டு ஓர் அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். அவ்வாறு கீழே இறங்கும் நாள்களுக்குக் கூலி பிடிக்கப்படாது என்பது ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். கூலி போய்விடும் என்ற அச்சம் இருக்கும்வரை, எச்சரிக்கை காதில் விழுந்தாலும் தொழிலாளி இறங்கமாட்டார்.