வாஸா, வேரா? பாவம் அந்தப் பையன்!

போன வாரம் எங்க ஆபீஸ்ல ஒரு கூத்து மக்களே. புதுசா சேர்ந்த பையன் மீட்டிங்ல கொஞ்சம் சத்தமா பேசிட்டான். ராத்திரி முழுக்க உறுத்தல். காலையில் க்ளையன்டுக்கு ஒரு மெயில் எழுதினான்: "இஃப் ஐ வாஸ் ரூட் எஸ்டர்டே, ஐ அபாலஜைஸ்."

அனுப்பறதுக்கு முன்னாடி சீனியர் ஒருத்தர் பார்த்துட்டார். "இஃப் வந்தா வேர்தான்யா போடணும். இதுகூடத் தெரியாம எப்படிய்யா வேலைக்கு வந்தே?" பத்து பேர் முன்னாடி கேட்டார். பையன் முகம் சுண்டிப் போச்சு.

என் கடுப்பு என்னன்னா, பையன் எழுதினதுதான் சரி!

'இஃப்' வந்தாலே 'வேர்' என்பது இலக்கணம் இல்லைங்க, மூடநம்பிக்கை. உண்மை இல்லைன்னு தெரிஞ்சே கற்பனை பண்ணும்போதுதான் 'வேர்'. "இஃப் ஐ வேர் யூ": நான் நீயாக முடியாது, அதனால வேர். நேத்து ஒருவேளை தப்பாப் பேசியிருக்கலாம் என்றால் 'வாஸ்' தான். அங்கே 'வேர்' போட்டால், "நான் அப்படிப் பேசற ஆளே இல்லை" என்கிற தொனி வந்துடும். மன்னிப்புக் கடிதம் மறுப்புக் கடிதமா மாறிடும்.

இந்த இலக்கணம் நிஜமாவே காசு பெறும் இடம் வேற. "ஐ இன்சிஸ்ட் தட் ஹி பீ பெய்ட்" என்றால், அவனுக்குச் சம்பளம் கொடுத்தே ஆகணும். "ஐ இன்சிஸ்ட் தட் ஹி இஸ் பெய்ட்" என்றால், கொடுத்துட்டுதான் இருக்கோம், அடிச்சுச் சொல்றேன் என்றும் அர்த்தம் ஆகும். ஒரே சொல்லில் ஒருத்தன் சோறு மாறுது. இதை நம்ம திருத்தல் திலகங்கள் கண்டுக்கவே மாட்டாங்க.

நமக்கு இது புதுசும் இல்லை. நாம 'வாழ்க', 'வருக' என்கிறோமே, அந்த வியங்கோள் மாதிரிதான் "காட் சேவ் த கிங்". காப்பாற்றுகிறார் இல்லை, காப்பாராக. அதான் 'சேவ்ஸ்' வரலை.

சொந்த மொழிக்காரனே பேச்சில் "இஃப் ஐ வாஸ் யூ" என்கிறான். இந்த வடிவம் பெரும்பாலும் சாகக் கிடக்குதுன்னு ஃபௌலர் 1926லேயே எழுதிட்டார். சாகக் கிடக்கிற விதியைத் தப்பாப் பிடிச்சுக்கிட்டு, உயிரோட இருக்கிற பையனை அடிக்கறது என்ன நியாயம்?

இலக்கணம் தெரிஞ்சா தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க. அரைகுறையாத் தெரிஞ்சா, தயவுசெய்து சும்மா இருங்க.

பி.கு: அன்னிக்கு அந்தப் பத்து பேரில் நானும் ஒருத்தன். வாயைத் திறக்கலை. இந்தக் கோபத்தில் பாதி என் மேலதான்.