"உங்க ஊர்ல பார்க்க என்ன இருக்கு?": நாவலப்பிட்டியில் ஒரு நாள்

போன செமஸ்டர் லீவுக்குக் கொஞ்சம் முன்னாடி, கெம்பஸ் ஹொஸ்டலில் என்னோடு இருக்கும் மட்டக்களப்புத் தோழி கேட்டாள்: "உன்ட ஊருக்கு ஒரு நாள் வரட்டா? பாக்க என்ன இரிக்கு அங்க?"

நான் யோசிக்கவே இல்லை. "ஒண்ணுமில்லடி. வா, கண்டிக்குப் போவோம்" என்றேன்.

அன்றைக்கு இரவு யூடியூப்பில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தோம். பிராட்டிஸ்லாவாவில் ஒரு நாள். ஸ்லோவாக்கியாவின் தலைநகரம். வியன்னாவிலிருந்து கோச்சியில் ஒரு மணித்தியாலம்தான். ஐரோப்பா சுற்றுகிறவர்கள் வியன்னாவுக்கும் புடாபெஸ்ட்டுக்கும் நடுவில் இதைத் தாண்டிப் போய்விடுவார்களாம். அந்தப் பையன் இறங்கிவிட்டான். அங்கே தெருவில் ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. வடிகால் குழியிலிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு ஓய்வெடுக்கிற ஒரு தொழிலாளி. பெயர் சூமில். 1997இல் வைத்தது. அதற்குப் பக்கத்தில் குந்தி போட்டோ எடுக்க ஒரு கூட்டமே நிற்கிறது.

தோழி சிரித்தாள். "கான் துப்புரவாக்கிற ஆள வச்சே ஊரப் பாக்க வச்சிட்டானுகள். உன்ட ஊரில ஒண்டும் இல்லயெண்டு சொல்றாய்."

அந்தப் பேச்சு குத்தியது. எங்கள் ஊரும் அப்படித்தானே? கண்டிக்கும் எல்லவுக்கும் நடுவில் ஜன்னல் வழியாகக் கடந்து போகிற ஊர். கோச்சி ஐந்து நிமிசம் நிற்கும். வெள்ளைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள், வடை வாங்குவார்கள், அடுத்த வளைவில் தேயிலை வந்ததும் கேமராவை எடுப்பார்கள். அவர்கள் இறங்காததில் எனக்குக் கோபமில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்த நான், கேட்டவுடன் "ஒண்ணுமில்ல" என்று சொன்னதுதான் பிரச்சினை.

அதனால் கண்டி பிளானைக் கைவிட்டு, ஒரு சனிக்கிழமை காலை சரசவி உயனவில் கோச்சி ஏறினோம்.

வழியில் கம்பளை. 14ஆம் நூற்றாண்டில் அது ஒரு ராச்சியத்தின் தலைநகரம். இன்றைக்கு அங்கே இறங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அம்புளுவாவ கோபுரத்தில் ஏறி ரீல்ஸ் எடுக்கத்தான் இறங்குகிறார்கள். தலைநகரமாக இருந்ததாலும் ஒரு ஊர் கண்ணில் பட்டுவிடாது என்பதற்கு ஐரோப்பா வரைக்கும் போகத் தேவையில்லை.

நாவலப்பிட்டி ஸ்டேசனில் இறங்கி நாங்கள் வெளியே போகவில்லை. பிளாட்போம் பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் லைப்ரரியில் வாசித்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். நாவலப்பிட்டிக்கு 1874இல். ஹட்டனுக்குப் போனது 1884இல். அதாவது பத்து வருசம் இதுதான் கடைசி ஸ்டேசன். மேலே தோட்டங்களில் விளைந்த கோப்பி எல்லாம் மாட்டுவண்டியில் இங்கே இறங்கிக் கோச்சி ஏறியது. அரிசியும் ஆட்களும் இங்கே இறங்கி நடந்தே மேலே போனார்கள். அந்த ஆட்கள்தான் நாங்கள்.

இங்கிருந்துதான் பாதையும் உண்மையான ஏற்றம் பிடிக்கிறது. நாவலப்பிட்டி கடல்மட்டத்திலிருந்து 600 மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. ஹட்டன் 1,200ஐத் தாண்டும். "மலைநாட்டு ரயில் பயணம்" என்று உலகமே கொண்டாடுகிற அந்த ஏற்றம் தொடங்குகிற இடத்தில், அதைப் பற்றிச் சொல்ல ஒரு நல்ல பலகைகூட எங்கள் கண்ணில் படவில்லை.

பிறகு டவுன். ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டியும் கட்டசம்பலும் பிளேன்டீயும். கோயில், பள்ளிவாசல், விகாரை, சேர்ச் எல்லாம் நடந்து போகிற தூரத்தில். மூன்று மொழியிலும் பேரம் பேசுகிற துணிக்கடைகள். மகாவலிப் பாலத்தில் நின்றபோது தோழி கேட்டாள், "இதுதான் அங்கால திருகோணமலைப் பக்கம் கடலுக்குப் போற ஆறா?" அதேதான். எங்கள் வீட்டு மழைத்தண்ணி அவள் மாகாணத்தில் கடலில் சேருகிறது.

ஆத்மஜோதி பற்றியும் சொன்னேன். 1948இல் தொடங்கி நா. முத்தையா பல வருசம் இந்த ஊரிலிருந்து நடத்திய ஆன்மிக மாத இதழ். இந்தச் சின்ன டவுனில் அச்சாகி யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வாசிக்கப்பட்டது. நூலகம் இணையத்தளத்தில் பழைய இதழ்கள் கிடக்கின்றன. உண்மையைச் சொன்னால், நானே அதைப் போன வருசம்தான் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். இந்த ஊரில் பதின்மூன்று வருசம் பள்ளிக்கூடம் போன எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

பகலுக்கு எங்கள் லயத்துக்குப் போனோம். அப்பாயி முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். "ஸ்டேசன்லயா குந்தியிருந்தீங்க ரெண்டு பேரும்? அங்க என்ன இருக்கு பார்க்க?" என்று அவரும் கேட்டார். கேட்டுவிட்டு அவரே சொன்னார்:

"என் தங்கச்சிய நான் கடைசியாப் பார்த்தது அந்த பிளாட்போம்லதான். இந்தியாவுக்குப் போனா. ஒப்பாரிக் கோச்சின்னு சொல்லுவாங்க அத. உள்ள இருக்கிறவங்களும் அழுவாங்க, வெளிய நிக்கிறவங்களும் அழுவாங்க. அதுக்குப் பொறகு நாலு கடுதாசி வந்துச்சு. அவ்வளவுதான்."

1948 பிரஜாவுரிமைச் சட்டம், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேரை இலங்கை எடுக்கும், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம். இதையெல்லாம் நான் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். அந்தக் கணக்கில் எங்கள் சின்ன அப்பாயியும் ஒருத்தர் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. கேட்டது வெளியூர்ப் பிள்ளை. அவர் சொன்னதும் வெளியூர்ப் பிள்ளையிடம்தான்.

பின்னேரம் பஸ் பிடித்துக் கொத்மலை அணைக்கட்டுப் பக்கம் போனோம். 1985இல் திறந்தது. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தண்ணிக்கு அடியில் கிராமங்களும் விகாரைகளும் வயல்களும் கிடக்கின்றன. வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கடதொர விகாரையின் இடிபாடுகள் வெளியே தெரியும். பிராட்டிஸ்லாவாவிலும் இதே கதை இருக்கிறதாம். தட்டு மாதிரிக் கோபுரம் வைத்த அந்தப் பாலத்தைக் கட்டப் பழைய நகரத்தின் யூதர் குடியிருப்பில் பெரும்பகுதியை இடித்தார்கள், தொழுகைக்கூடம் உட்பட. வீடியோவில் கோபுரத்தின் மேலிருந்து எடுத்த வியூ வந்தது. இடித்த தெருக்கள் வரவில்லை. நான் பிறகு தேடிப் படித்ததுதான்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். இவ்வளவும் சொல்லிவிட்டு, "நாவலப்பிட்டியைச் சுற்றுலா நகரமாக்குங்கள்" என்று முடிப்பேன் என நினைக்க வேண்டாம்.

அப்படிச் சொல்கிறவர்கள் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். எல்லவைப் பார், எவ்வளவு காசு வருகிறது, நாங்கள் மட்டும் ஏன் சும்மா இருக்கிறோம் என்பார்கள். நியாயமான கேள்விதான். வேலை இல்லாமல் கொழும்புக் கடைகளுக்குப் போகிற என் வயசுப் பொடியன்களை வைத்துப் பார்த்தால் இன்னும் நியாயம். ஆனால் சுற்றுலாக் காசு யார் கைக்குப் போகும்? உறுதிப்பத்திரம் வைத்திருப்பவர் கைக்கு. சொந்தக் காணியில் வீடு உள்ளவர் ஒரு அறையைப் பூசி, வெளியே போர்ட் போட்டு, வாடகைக்கு விடலாம். லயத்தில் இருக்கிற என் அப்பா எதை விடுவார்? நாங்கள் நாலு தலைமுறையாக இருக்கிற அந்தக் காம்பரா எங்கள் பெயரில் இல்லை. 7 பேர்ச் காணி என்று எத்தனையோ தேர்தலில் கேட்டாயிற்று. கிடைத்தவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.

காணி இல்லாமல் சுற்றுலா வந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். துரை பங்களா ஹொட்டேல் ஆகும். ஸ்டோர் மியூசியம் ஆகும். எங்கள் அம்மாமார் கூடையோடு போட்டோவில் நிற்பார்கள். 1,000 ரூபா நாள் சம்பளத்துக்கு 2021 வரைக்கும் போராட வேண்டியிருந்த அதே அம்மாமார்தான் அந்தப் போட்டோவில் சிரிக்கிறார்கள். பிராட்டிஸ்லாவாவில் தொழிலாளிக்குச் சிலை வைத்தார்கள், சரி. நாங்கள் உயிரோடு இருக்கும்போதே சிலை மாதிரித்தான் பார்க்கப்படுகிறோம்.

ஆகவே என் வாதம் இவ்வளவுதான். ஊரைப் பார்ப்பது முதலில் எங்கள் வேலை. டூரிஸ்ட்டுக்கு முன்னால், ஹொட்டேல் கம்பனிக்கு முன்னால், நாங்கள் எங்கள் ஊரின் ஒரு நாளை எழுதி வைக்க வேண்டும். எந்தப் பிளாட்போமில் யார் அழுதார்கள், எந்த அச்சகத்தில் என்ன அச்சானது, எந்தத் தண்ணிக்கு அடியில் யார் வீடு இருக்கிறது என்று. இதை எழுதாமல் விட்டால் நாளைக்கு வேறு யாரோ வந்து "பசுமையான தேயிலைத் தோட்டங்களும் இதமான காலநிலையும்" என்று எழுதுவார்கள். அதில் நாங்கள் இருக்க மாட்டோம். இரண்டாவது, சுற்றுலா பற்றிப் பேசுகிறவர்களிடம் காணி பற்றிக் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் "அபிவிருத்தி" என்று சொன்னால், அது எங்களுக்கானது இல்லை.

ஒரு நாளில் ஒரு ஊரைத் தெரிந்துகொள்ள முடியுமா என்றால், முடியாது. ஆனால் ஒரு நாள் என்பது நாலு கேள்வி கேட்கக் காணும். அந்தக் கேள்விகளை இருபத்திரண்டு வருசமாக நான் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு வெட்கம்.

திரும்பிப் போகிற கோச்சிக்குக் காத்திருந்தபோது மழை பிடித்துவிட்டது. அது எங்கள் ஊரில் நேரம் காலம் பார்க்காது. தோழி அதே பிளாட்போமைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "உன்ட அப்பாயிட தங்கச்சி இந்தியாவில எந்த ஊருக்குப் போனவ?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குக் கோல் எடுத்து அப்பாயியிடமே கேட்டேன். அவர் சொன்ன ஊர்ப் பெயரைப் போனில் எழுதி வைத்திருக்கிறேன்.

நீங்கள் வருவதாக இருந்தால், காலைக் கோச்சியில் வாருங்கள். குடை கட்டாயம். வரமுடியாதவர்கள், உங்கள் ஊரின் ஒரு நாளை எழுதி அனுப்புங்கள். "எங்க ஊர்ல ஒண்ணுமில்ல" என்று மட்டும் ஆரம்பிக்க வேண்டாம்.