செட்டை அழுகலும் தெளிந்த நீரும்

வண்ணமீன் வளர்க்கும் வீடுகளிலே பைற்றர் மீனுக்குத் தனியான ஓர் இடமுண்டு. உருவிற் சிறியதாயினும், நிறத்தாலும் செட்டைகளின் விரிவாலும் பெரிய மீன்களையெல்லாம் வென்று நிற்பது அது. பிறந்தநாட் பரிசாகவோ, பரீட்சையிற் சித்தியெய்தியதற்கு வெகுமதியாகவோ பிள்ளைகளின் கையில் வந்து சேருகின்றது. வந்து சில வாரங்களுள், பட்டுத்துணி போல அசைந்த வாற்செட்டை ஓரங்களிற் கந்தலாகத் தொடங்குகின்றது. ஓரம் கறுக்கின்றது, அல்லது வெளிறுகின்றது, சில வேளைகளிற் சிவந்தும் காணப்படுகின்றது. மீன் செட்டைகளை ஒடுக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்கிவிடுகின்றது. பிள்ளை அழுகின்றது, பெற்றார் கடைக்கு ஓடி மருந்தொன்றை வாங்கி வந்து நீரில் ஊற்றுகின்றனர். அதன் பின்னும் பல மீன்கள் பிழைப்பதில்லை. இதன் காரணம் யாது?

செட்டை அழுகல் எனப்படும் இந்நோயை உண்டாக்குவன ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் முதலிய பற்றீரியாக்கள். இவை எங்கிருந்தோ படையெடுத்து வருவன அல்ல. நல்ல நீரிலும் எப்பொழுதும் உள்ளவையே. மீன் நலமாயிருக்கும்போது அதன் தோலை மூடிய வழுவழுப்பான சளிப்படலமும் உடலின் எதிர்ப்பாற்றலும் இவற்றைத் தடுத்து நிற்கின்றன. அக்காவல் தளரும்பொழுதே இவை செட்டையைத் தின்னத் தொடங்குகின்றன. காவலைத் தளர்த்துவது பெரும்பாலும் கெட்ட நீரே. ஆகவே மருத்துவம் மீனில் அன்று, நீரிலேயே தொடங்குதல் வேண்டும்.

நீர் எவ்வாறு கெடுகின்றது? மீன் தன் பூக்கள், அதாவது செவுள்கள், வழியாக அமோனியாவை ஓயாது வெளிவிடுகின்றது. கழிவும் தின்னாது விட்ட தீனும் அழுகி மேலும் அமோனியாவைச் சேர்க்கின்றன. வடிகட்டியிலும் கற்களிலும் வாழும் நன்மை தரும் பற்றீரியாக்கள் இதனை நைத்திரைற்றாகவும், பின்னர் நஞ்சு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இவை பெருகி நிலைகொள்ள ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்கள் செல்லும். ஜாம் போத்தலிலோ இவை தங்குவதற்கு இடமே இல்லை. நீர் பளிங்கு போலத் தோன்றலாம். ஆயினும் அமோனியாவுக்கு நிறமில்லை.

“பைற்றர் மீன் சேற்றுக் குட்டையில் வாழ்வது, அதற்குப் போத்தல் போதும்” என்பாருளர். இதனைச் சிறிது ஆராய்வோம். பெற்றா ஸ்பிளென்டென்ஸ் என்று விஞ்ஞானிகள் வழங்கும் இம்மீனின் தாயகம் தாய்லாந்து. அந்நாட்டு அரசு 2019ஆம் ஆண்டில் இதனைத் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தது. அங்கே ஆழங்குறைந்த வயல்களிலும் சதுப்புகளிலும் இது வாழ்கின்றது. ஆழம் குறைவுதான், பரப்போ பெரிது. ஓர் ஏக்கர் வயலில் 10 சென்றிமீற்றர் உயரத்துக்கு நீர் நின்றால் அதன் அளவு ஏறத்தாழ 4 இலட்சம் லீற்றர் ஆகும். மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு மீனின் கழிவு அந்நீரிற் கரைந்து மறைந்துவிடும். போத்தலிலோ அது மீனையே சூழ்ந்து நிற்கும். இம்மீன் நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றை நேரே சுவாசிக்க வல்லது. ஆதலால் ஒட்சிசன் குறைந்த நீரிலும் உடனே இறப்பதில்லை. உடனே இறவாமையை நலம் என்று கொள்ளல் தவறு.

நம் நாட்டின் நீர் எங்கும் ஒருதன்மையதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணக்கற் பாறையிலிருந்து ஊறுவதாற் காரத்தன்மை கூடியது. அத்தகைய நீரில் அமோனியாவின் நஞ்சு மிகும். உரமிட்ட தோட்டங்களை அடுத்த கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றும் மிகுதியாயுள்ளது. மலையகத்தில் இரவுக் குளிரால் நீர் 20 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்கும். இம்மீனுக்கு வேண்டியதோ 24 முதல் 28 பாகை வரையுள்ள வெப்பம். குளிரில் அதன் எதிர்ப்பாற்றல் குன்றும். நகரங்களின் குழாய்நீரிற் குளோரீன் உண்டு. வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுதும் திறந்து வைத்த பின்னரே அதனைப் பயன்படுத்தல் வேண்டும்.

செட்டை கிழிந்திருப்பதெல்லாம் அழுகலன்று. கூரிய கல்லிலோ பிளாஸ்ரிக்குச் செடியிலோ உராய்ந்து கிழிந்தால் கிழிசல் திடீரெனத் தோன்றும். ஓரம் நிறம் மாறாதிருக்கும். தன் வாலைத் தானே கடிக்கும் மீன்களும் உண்டு. அழுகலோ நாளுக்கு நாள் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் செல்வது. நாள்தோறும் ஒரே இடத்திலிருந்து மீனைப் படம்பிடித்து ஒப்பிட்டால் வேற்றுமை தெளிவாகும்.

இனிச் சிகிச்சை. மீன் கடைகளில் விற்கும் சோதனைத் திரவங்களால் நீரை முதலிற் சோதியுங்கள். அமோனியாவும் நைத்திரைற்றும் சிறிதும் இருத்தலாகாது. தொட்டி நீரில் மூன்றிலொரு பங்கை நாள்தோறும் மாற்றுங்கள். புதுநீர் பழைய நீரின் வெப்பநிலையில் இருத்தல் வேண்டும். அடியிற் படிந்த கழிவை இறைத்துவிடுங்கள். வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியிலோ சவர்க்காரத்திலோ கழுவாது, இறைத்த தொட்டி நீரிலேயே அலசுங்கள். இல்லையேல் நன்மை தரும் பற்றீரியாக்களும் மாண்டுபோம். தீனைக் குறையுங்கள். தொடக்க நிலையிலுள்ள நோய் ஒரு வாரத்துக்குள் இவ்வளவிலேயே தணிந்துவிடுவதுண்டு.

தணியாவிடின் உப்புச் சிகிச்சை செய்யலாம். மீனைத் தனிப் பாத்திரத்துக்கு மாற்றி, வேறு பொருள் கலவாத தூய உப்பை 4 லீற்றருக்கு ஒரு மட்டத் தேக்கரண்டி வீதம் நீரிற் கரைத்த பின் சேருங்கள். இங்கே ஒரு கணக்கு உண்டு. பாத்திரத்தில் 8 லீற்றர் நீர் எனின் உப்பு இரண்டு தேக்கரண்டி. நாள்தோறும் பாதி நீரை மாற்றும்போது, புதிதாக ஊற்றும் 4 லீற்றருக்கு ஒரு தேக்கரண்டியே சேர்த்தல் வேண்டும். ஆவியாகிக் குறைந்த நீரை ஈடுசெய்யும்போது வெறும் நீரையே ஊற்றவேண்டும். ஏனெனில் உப்பு ஆவியாவதில்லை. பத்து நாட்களுக்கு மேல் உப்பு நீரில் வைத்தலாகாது. பாத்திரத்தை மூடுங்கள், இம்மீன் துள்ளி வெளியே விழும். ஆயினும் நீருக்கும் மூடிக்கும் இடையே காற்றுக்கு இடம் விடுங்கள். வாதுமை மரத்தின் உலர்ந்த இலையை இடுவோரும் உளர். அது நீரைத் தேநீர் நிறமாக்கிச் சிறிது துணைசெய்யும். அதனையே மருந்தென்று நம்பியிருத்தல் கூடாது.

இவற்றிற்குப் பின்னும் அழுகல் விரைந்து பரவினால், அல்லது உடலை அணுகினால், மிருக வைத்தியரை நாடுங்கள். நுண்ணுயிர் கொல்லி மருந்துகளை அவர் சொல்லும் அளவிலும் நாட்களிலும் தனிப் பாத்திரத்திலேயே கொடுத்தல் வேண்டும். தொட்டியில் ஊற்றினால் அவை நன்மை தரும் பற்றீரியாக்களையும் அழித்து அமோனியாவைப் பெருக்கக்கூடும். மனிதருக்கான குளிசைகளைப் பொடித்து நீரிலிடும் வழக்கத்தை அறவே விடுங்கள். அரைகுறை மருந்து, மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்ப்பதாகும்.

நோய் நின்ற பின் செட்டையின் ஓரத்தில் மெல்லிய, நிறமற்ற சவ்வொன்று தோன்றும். அது புதிய வளர்ச்சி. நோயென மயங்கி மறுபடியும் மருந்திடாதீர்கள். முழுதும் வளரச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். செட்டையின் அடிவரை அழுகிப்போயின், அது மீளவும் வளர்தல் அரிது. ஆதலின் நாள்தோறும் மீனைக் கூர்ந்து நோக்குதலே பெரிய காவல்.

தாய்லாந்து வயல்களில் இயல்பாக வாழும் பைற்றர் மீனுக்கு இத்துணை நீண்ட செட்டைகள் இல்லை. கண்ணுக்கு அழகாயிருக்க வேண்டுமென்று மனிதர் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்தமையால் வந்தவை அவை. நீந்துதற்குச் சுமையாகவும், எளிதிற் காயப்படுவனவாகவும் உள்ள அச்செட்டைகளைக் கொடுத்தவர் நாமெனின், அவற்றைக் காக்கும் கடனும் நம்முடையதே. பிள்ளைக்கு மீனை வாங்கிக் கொடுக்கும் பெற்றார், 20 லீற்றர் கொள்ளும் தொட்டியொன்றையும், மென்மையாக ஓடும் வடிகட்டியொன்றையும், வாரந்தோறும் நீர் மாற்றும் பழக்கத்தையும் அதனோடு சேர்த்துக் கொடுப்பாராக. வாய்பேசாத ஓருயிரின் துன்பத்தை அதன் அசைவிலிருந்து அறியப் பழகிய பிள்ளை, பிறர் துன்பத்தையும் கேளாமலே அறியும்.