திறந்த களஞ்சியம்: கொடுத்தவருக்கு எஞ்சியது என்ன?

2020ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் திகதி, ஷாங்காய் நகரில் ஆய்வுகூடம் நடத்திவந்த பேராசிரியர் ஷாங் யோங்ஷென், வூஹானில் பரவிக்கொண்டிருந்த புதிய வைரஸின் மரபணு வரிசையை உலகறிய இணையத்தில் வெளியிடச் செய்தார். அவுஸ்திரேலியாவிலிருந்த அவருடைய சகா எட்வர்ட் ஹோம்ஸ் அதற்குத் துணை நின்றார். மொத்தம் ஏறத்தாழ முப்பதாயிரம் எழுத்துகள். இரண்டு நாள்களில், ஜனவரி 13ஆம் திகதி, அமெரிக்காவின் மொடேர்னா நிறுவனம் தன் தடுப்பூசியின் வடிவத்தை இறுதி செய்துவிட்டது. அதற்கு வைரஸின் மாதிரி எதுவும் தேவைப்படவில்லை, எழுத்துகளே போதுமாயிருந்தன. 2021இல் அந்தத் தடுப்பூசியின் விற்பனையால் அந்நிறுவனம் ஈட்டிய வருமானம் 17.7 பில்லியன் டொலர். பேராசிரியர் ஷாங்கின் ஆய்வுகூடமோ, வரிசை வெளியான மறுநாளே 'சீர்படுத்தலுக்காக' மூடப்பட்டது.

ஆய்வுகூடத்தை மூடியவர்கள் சீன அதிகாரிகள். அதற்காக அமெரிக்க நிறுவனமொன்றைக் குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது. நான் கேட்க வருவது வேறு. மரபணுத் தரவு மனித குலத்தின் பொதுச் சொத்து என்று நாள்தோறும் நமக்குப் போதிக்கப்படுகின்றது. அந்தப் பொதுச் சொத்துக்குப் பொருள் சேர்ப்பவர்கள் ஒரு பக்கத்திலும் அதை விற்றுக் காசாக்குபவர்கள் இன்னொரு பக்கத்திலும் நிற்கிறார்களே, அது எப்படி?

நான் விஞ்ஞானம் படித்தவனல்லன், கலைப் பட்டதாரி. ஆனால், ஒரு களஞ்சியத்தின் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதைப் பார்க்க விஞ்ஞானப் பட்டம் தேவையில்லை.

முதலில் இந்தக் களஞ்சியங்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலகில் முதன்மையானவை மூன்று. ஐரோப்பியர்கள் 1980இல் ஜேர்மனியின் ஹைடெல்பேர்க் நகரில் ஒன்றைத் தொடங்கினார்கள். 1982இல் அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில் 'ஜென்பாங்க்' பிறந்தது. ஜப்பானும் அந்தப் பத்தாண்டிலேயே சேர்ந்துகொண்டது. இம்மூன்றும் தம்மிடம் வருவனவற்றை நாள்தோறும் ஒன்றுக்கொன்று பரிமாறிக்கொள்கின்றன. ஆதலால் ஒன்றில் சேர்ந்தது மூன்றிலும் சேர்ந்ததற்குச் சமம். ஆய்வாளர் ஒருவர் தன் கட்டுரையை நல்ல சஞ்சிகையொன்றில் வெளியிட வேண்டுமானால், தான் கண்டறிந்த வரிசையை முதலில் இங்கே ஒப்படைத்துப் பதிவெண் பெற்றாக வேண்டும். எடுப்பவருக்கோ எந்த நிபந்தனையும் இல்லை. பெயர் சொல்ல வேண்டியதில்லை, கட்டணம் இல்லை, கையொப்பம் இல்லை. 'இதை இன்ன தேவைக்கு மட்டும் பயன்படுத்துக' என்று ஒப்படைப்பவர் ஒரு வரி சேர்க்க விரும்பினாலும் களஞ்சியம் அதை ஏற்காது.

இந்தத் திறந்த மனத்தை நான் இகழவில்லை. மனித மரபணுத் தொகுதியை வாசிக்கும் பெருந்திட்டத்தில் ஈடுபட்ட விஞ்ஞானிகள் 1996இல் பெர்முடாத் தீவில் கூடி, வாசித்த வரிசைகளை 24 மணி நேரத்துக்குள் பகிரங்கப்படுத்துவதென்று முடிவெடுத்தார்கள். அந்த முடிவு இல்லாதிருந்தால், போட்டிக்கு வந்த செலெரா என்ற தனியார் நிறுவனத்திடம் சந்தா கட்டித்தான் நம் உடம்பின் எழுத்துகளையே நாம் வாசித்திருக்க வேண்டும். திறந்திருப்பது நல்லது. அதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால், இந்தக் களஞ்சியங்கள் எதைக் கேட்டன, எதைக் கேட்கவில்லை என்று பாருங்கள். ஒரு விதை எந்த மண்ணில் எடுக்கப்பட்டது, ஒரு கிருமி எந்த ஊர் நோயாளியின் உடம்பிலிருந்து வந்தது என்பதைக் கட்டாயமாகக் கேட்பதென்ற முடிவை மூன்று களஞ்சியங்களும் அறிவித்தது 2021இல். அது நடைமுறைக்கு வரத் தொடங்கியது 2023இல். ஜென்பாங்க் தொடங்கி நாற்பது ஆண்டுகள் கழித்து! அதுவரை, இடத்தைக் குறிப்பிடாமலே வரிசையை ஒப்படைத்துவிட்டுப் போகலாம். எழுத்துகள் பத்திரமாக இருந்தன, ஊர் தொலைந்துபோனது. ஊர் தொலைந்த பின் பங்கு கேட்டு யார் வருவது?

'தரவு திறந்தே இருக்க வேண்டும்' என்ற உபதேசம் எப்போதும் ஒரே குரலில் ஒலித்ததுமில்லை. 2006இல் பறவைக் காய்ச்சல் உலகை அச்சுறுத்தியபோது, அக்கிருமியின் வரிசைகள் பதினைந்து ஆய்வுகூடங்கள் மட்டுமே நுழையக்கூடிய ஒரு மூடிய தரவுத்தளத்தில் வைக்கப்பட்டிருந்தன. அது இருந்த இடம் ஜென்பாங்க் பிறந்த அதே லொஸ் அலமொஸ். இத்தாலிய விஞ்ஞானி இலாரியா கப்புவா, அந்த மூடிய அறைக்குள் தன் வரிசையை வைக்க மறுத்து, எல்லோரும் பார்க்கும்படி ஜென்பாங்கில் இட்டார். அவர் எதிர்த்தது திறந்த கதவை அல்ல, மூடிய கதவை என்பதை மறந்துவிடக் கூடாது.

அடுத்த ஆண்டு இந்தோனேசியா பேசியது. அப்போது பறவைக் காய்ச்சலால் மிக அதிகமான மனிதர்களைப் பறிகொடுத்திருந்த நாடு அதுதான். வழக்கம்போல அது தன் நோயாளிகளின் மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தக் கிருமியைக் கொண்டே அவுஸ்திரேலிய நிறுவனமொன்று தடுப்பூசி தயாரிக்கிறது என்ற செய்தி பிறகுதான் ஜகார்த்தாவுக்கு எட்டியது. அன்றைய சுகாதார அமைச்சர் சித்தி ஃபதிலா சுபாரி மாதிரிகளை அனுப்புவதை நிறுத்தினார். கிருமியைக் கொடுப்பது நாங்கள்; அதிலிருந்து செய்த தடுப்பூசியை வாங்க முடியாமல் நிற்பதும் நாங்களா என்பதே அவருடைய வாதத்தின் சாரம். உலகின் சுகாதாரத்தைப் பணயம் வைக்கிறார் என்று மேற்குலகப் பத்திரிகைகள் அவரைத் தூற்றின. அந்த அம்மையார் பின்னாளில் ஊழல் வழக்கொன்றில் தண்டனை பெற்றுச் சிறை சென்றார் என்பதும் உண்மையே. ஆனால், கேட்டவர் சிறை சென்றதால் கேள்வி பிழையாகிவிடாது. நான்கு ஆண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பின், 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் ஓர் ஏற்பாடு பிறந்தது. கொள்ளைநோயாக மாறக்கூடிய காய்ச்சல் கிருமிகளின் கண்காணிப்பு வலையமைப்பால் பயன்பெறும் நிறுவனங்கள் ஆண்டுக்கு 28 மில்லியன் டொலர் செலுத்துகின்றன. பூமி பிளந்துவிடவில்லை. விஞ்ஞானமும் நின்றுவிடவில்லை.

அந்த ஏற்பாடு கைமாறும் கிருமிகளை எண்ணி எழுதப்பட்டது. இப்போது கிருமி கைமாறத் தேவையில்லை, எழுத்துகள் போதும் என்பதைத்தான் 2020 ஜனவரி காட்டியது. பெட்டியில் வைத்து விமானத்தில் அனுப்பும் மாதிரிக்கு உடன்படிக்கை உண்டு, கையொப்பம் உண்டு. அதே மாதிரியின் எழுத்துகளுக்கு ஒன்றும் இல்லை. வாசல் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்தது போன்ற நிலை இது.

தென்னாபிரிக்காவுக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் இந்தக் கதை நிறைவு பெறாது. 2021 நவம்பர் கடைசியில் தென்னாபிரிக்க, பொற்சுவானா விஞ்ஞானிகள் புதிய திரிபொன்றைக் கண்டு, வரிசைகளை உடனே பகிர்ந்தார்கள். அதற்கு உலக சுகாதார நிறுவனம் 'ஒமிக்ரோன்' என்று பெயர் சூட்டியது நவம்பர் 26ஆம் திகதி. அந்த ஓரிரு நாள்களிலேயே பிரித்தானியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் தென் ஆபிரிக்கப் பகுதியின் பயணிகளுக்குக் கதவடைப்பை அறிவித்தன. நெதர்லாந்தில் நவம்பர் 19ஆம் திகதியே எடுக்கப்பட்ட மாதிரியொன்றில் அதே திரிபு இருந்தது பிறகு தெரியவந்தது. அதாவது, கண்டவனுக்குத் தண்டனை, காணாதவனுக்கு ஒன்றுமில்லை! அந்த ஆண்டு முடிவில் ஆபிரிக்கக் கண்டத்தில் தடுப்பூசி முழுமையாகப் பெற்றவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு.

நான் மாவட்ட நிருபராகத் தொழிலைத் தொடங்கியவன். எங்களுக்கு அங்குலக் கணக்கில் கூலி. நாங்கள் பஸ் ஏறிப்போய்ச் சேகரித்து அனுப்பிய செய்தி தலைநகரில் வேறொருவர் பெயரோடு வெளிவரும். சில நாள்களில் வெளிநாட்டுச் செய்தி நிறுவனமொன்றின் செய்தியாகவும் வலம்வரும். கேட்டால், 'செய்தி எல்லோருக்கும் பொதுவானதுதானே தம்பி' என்பார்கள். பொதுவானதுதான். ஆனால் பத்திரிகை இலவசமாக விற்கப்படவில்லையே! பொது என்ற சொல் கொடுப்பவனிடம் மட்டும் சொல்லப்படும்போது அதன் பொருள் மாறிவிடுகின்றது. இதை அனுபவித்தவன் என்பதால்தான் களஞ்சியக்காரர்களின் பேச்சு எனக்கு உடனே விளங்குகிறது.

இனி, அவர்கள் சொல்லும் நியாயங்களுக்கு வருவோம்.

நிபந்தனை போட்டால் விஞ்ஞானம் தடைப்படும் என்கிறார்கள். 2008இல் தொடங்கிய 'ஜிசெய்ட்' என்னும் தரவுத்தளம் நிபந்தனையோடுதான் இயங்குகிறது. தரவைப் பெறுபவர் தன்னை அடையாளப்படுத்த வேண்டும், கொடுத்தவரைக் குறிப்பிட வேண்டும், முடிந்தவரை அவரோடு சேர்ந்து பணியாற்ற வேண்டும். கொவிட் காலத்தில் உலகம் தன் வரிசைகளை அங்கேதான் கொட்டியது. 1 கோடி 50 இலட்சத்துக்கும் மேல் சேர்ந்தன. பெயர் சொல்லச் சொன்னதால் யாரும் ஓடிவிடவில்லை. பெயர் சொல்லப்படும் என்பதால் பலர் நம்பிக் கொடுத்தார்கள். ஜிசெய்ட் குறையற்றது என்று நான் வாதிட மாட்டேன். அதன் நிருவாகம் ஒளிவுமறைவானது என்று 2023இல் 'சயன்ஸ்' சஞ்சிகை விரிவாகவே எழுதியது. மேலும், அது வாங்கித்தருவது நன்றியை மட்டுமே. மருந்தில் பங்கை அல்ல. ஆனால், நிபந்தனையும் வேகமும் ஒன்றாக வாழ முடியும் என்பதை அது நிரூபித்துவிட்டது.

களஞ்சியம் வெறும் அலுமாரி, அதற்கு அரசியல் இல்லை என்கிறார்கள். அலுமாரிக்கும் காவலாளி உண்டு. பெய்ஜிங் விஞ்ஞானி ஒருவர் கொவிட் வைரஸின் ஏறத்தாழ முழு வரிசையையும் 2019 டிசம்பர் 28ஆம் திகதியே ஜென்பாங்கிடம் ஒப்படைத்திருந்தார். படிவத்துடன் இருக்க வேண்டிய தொழில்நுட்ப விபரங்கள் குறைவு என்று களஞ்சியம் கேட்டது, பதில் வரவில்லை, 2020 ஜனவரி 16ஆம் திகதி அது வரிசையிலிருந்து நீக்கப்பட்டது. இது வெளியுலகுக்குத் தெரியவந்தது 2024இல். படிவத்தில் விபரம் குறைந்தால் கதவை மூடத் தெரிந்த களஞ்சியத்துக்கு, பங்கைப் பற்றி ஒரு கேள்வி கேட்பது மட்டும் முடியாத காரியமா?

நிபந்தனை என்பதே திறந்த விஞ்ஞானத்துக்கு விரோதம் என்று ஓதியவர்களின் நாட்டிலேயே 2025 ஏப்ரலில் என்ன நடந்தது? அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள், தம் கட்டுப்பாட்டிலுள்ள மனித மரபணுத் தரவுகளைச் சீனா, ரஷ்யா, ஈரான், கியூபா முதலிய நாடுகளின் நிறுவனங்கள் பார்ப்பதைத் தடைசெய்தன. இவை ஜென்பாங்கைப் போல் எல்லோருக்கும் திறந்திருந்தவை அல்ல. அனுமதி பெற்றுப் பார்க்க வேண்டியவை. அந்த வேறுபாட்டை நான் மறைக்கவில்லை. ஆயினும், தன் மக்களின் தரவு என்றால் அது தேசப் பாதுகாப்பு; கினியின் காட்டிலோ அமேசன் ஆற்றங்கரையிலோ எடுத்த தரவு என்றால் அது மனித குலத்தின் சொத்து. இந்த இரட்டை நாக்கைத்தான் நான் கண்டிக்கிறேன்.

அப்படியானால் கதவை மூடிவிடலாமா? கூடாது. மூடினால் முதலில் அடிபடுவது பணமில்லாத நாடுகளின் ஆய்வாளரே. களஞ்சியம் இலவசமாக இருப்பதால்தான் ஒரு சிறிய பல்கலைக்கழகத்தின் மாணவனும் பெரிய நிறுவனத்தின் விஞ்ஞானி வாசிப்பதையே வாசிக்கிறான். வாசிப்பவனிடம் காசு கேட்காதீர்கள், விற்பவனிடம் கேளுங்கள். இதுவே என் கட்சி.

இதற்கு வழி இல்லாமலில்லை. உயிரினப் பல்வகைமை உடன்படிக்கையின் நாடுகள் 2024இல் கொலம்பியாவின் காலி நகரில் கூடி, ஒரு நிதியத்துக்கு இணங்கின. மருந்து, அழகுசாதனம், விதை போன்ற துறைகளில், மரபணுத் தரவால் பயனடையும் பெரிய நிறுவனங்கள் இலாபத்தில் நூற்றுக்கு ஒரு பங்கையோ வருமானத்தில் ஆயிரத்துக்கு ஒரு பங்கையோ செலுத்த வேண்டும். அதில் பாதியாவது பழங்குடிகளுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் சேர வேண்டும். 2025 பெப்ரவரியில் ரோம் நகரில் நிதியம் தொடக்கிவைக்கப்பட்டது. எல்லாம் சரி, ஒன்றைத் தவிர: செலுத்துவது கட்டாயமில்லை! அமெரிக்கா அந்த உடன்படிக்கையிலேயே சேரவில்லை. ஆயிரத்துக்கு ஒன்று என்றால், மேலே சொன்ன 17.7 பில்லியனில் 1 கோடி 77 இலட்சம் டொலர்தான். அதையுமா 'மனமிருந்தால் கொடு' என்று கேட்பது?

ஜெனீவாவிலும் இதே கதைதான். கொள்ளைநோய் உடன்படிக்கை 2025 மே மாதம் நிறைவேறியது. கிருமியையும் அதன் வரிசையையும் கொடுக்கும் நாடுகளுக்கு என்ன திரும்பக் கிடைக்கும் என்பதைச் சொல்ல வேண்டிய இணைப்பு மட்டும் பிந்திய பேச்சுவார்த்தைக்குத் தள்ளப்பட்டது. பந்தி முடிந்தது, பரிமாறுவதைப் பிறகு பார்ப்போம் என்பதுபோல!

நாம் கேட்க வேண்டியவை மூன்று. எடுத்த இடத்தின் பெயர் வரிசையோடு எந்நாளும் ஒட்டியிருக்க வேண்டும். அதிலிருந்து செய்த பண்டத்தை விற்கும் பெரிய நிறுவனம் பங்கு செலுத்துவது சட்டமாக வேண்டும், தருமமாக அல்ல. நோய்க்கிருமியை முதலில் கண்டு சொல்லும் நாட்டுக்கு விமானத்தை நிறுத்துவதற்குப் பதிலாகத் தடுப்பூசியை முதலில் அனுப்ப வேண்டும்.

இவை பேராசையான கோரிக்கைகள் அல்ல. அடுத்த கிருமி எந்த ஊரில் தோன்றும் என்று யாருக்கும் தெரியாது. தோன்றும் நாளில், அந்த ஊர் வைத்தியர் தான் கண்டதை உடனே உலகுக்குச் சொல்ல வேண்டும் என்று நாம் எல்லோரும் விரும்புகிறோம். சொன்ன ஷாங்குக்கு நேர்ந்ததையும் சொன்ன தென்னாபிரிக்காவுக்கு நேர்ந்ததையும் அவர் அறிவார். அறிந்த பின்னும் அவர் சொல்ல வேண்டுமானால், சொல்வதால் தன் ஊருக்கு நட்டமில்லை என்ற உறுதியை அவருக்குக் கொடுத்தாக வேண்டும். களஞ்சியத்தின் கதவைத் திறந்து வைத்ததோடு கடமை முடிந்தது என்று இருப்பவர்கள் அந்த உறுதியை இன்றுவரை கொடுக்கவில்லை.