கேட்பவருக்கு ஏன் ஸ்டூடியோ அவசரம்?

கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்கப் புதிதாக உட்காருபவர்களுக்குச் சொல்லப்படும் யோசனைகளில் பாதிக்கு மேல், பாட்டுக் கேட்பவர்களுக்கு உரியவையே அல்ல. பாட்டைப் பதிவு செய்பவர்களுக்கு உரியவை. "பஃபரைக் குறைங்க, ஆசியோ போடுங்க, 192 கிலோ ஹெர்ட்ஸுக்கு ஏத்துங்க" என்று இளவட்டங்கள் அடுக்குவதைக் கேட்டு அப்படியே செய்துவிட்டு, பாட்டு விக்கி விக்கி வருகிறதே என்று பெட்டியை மூடி வைத்தவர்கள் எங்கள் அனுமந்தையிலேயே நான்கைந்து பேர் இருக்கிறார்கள். எல்லாரும் என் வயசுக்காரர்கள். கோளாறு தங்கள் பேரில்தான், நமக்கு இதெல்லாம் வராது என்று நினைத்துக்கொண்டு இருக்கிறார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

விக்கல் ஏன் வருகிறது என்று முதலில் பார்ப்போம். சி.டி. தரத்தில் உள்ள ஒரு பாட்டுக்கு, விநாடிக்கு 44,100 எண்கள் இடது காதுக்கும், அதே அளவு வலது காதுக்கும் சவுண்ட் கார்டுக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். சவுண்ட் கார்டு யாருக்காகவும் காத்திருக்காது. கம்ப்யூட்டரோ ஒரே வேலையில் நிலைத்து நிற்கிற ஆசாமி இல்லை. நடுவில் வைரஸ் தேடப் போகும், அப்டேட் இறக்கப் போகும். இந்த இரண்டு பேருக்கும் நடுவே ஒரு தேக்கம் வேண்டும். அதுதான் பஃபர்.

மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மோட்டார் ஓடுகிறபோது உப்புநீரைப் பெரிய குட்டையில் தேக்கிக்கொண்டு, அங்கிருந்து பாத்திகளுக்கு விடுவார்கள். கரண்ட் கொஞ்ச நேரம் போனாலும் வாய்க்காலில் நீர் அறுபடாது. அந்தக் குட்டையைத் தாம்பாளம் அளவுக்குச் சுருக்கிவிட்டால் என்ன ஆகும்? மோட்டார் மூச்சு வாங்கும் ஒவ்வொரு முறையும் வாய்க்கால் வறளும். பஃபரைக் குறைப்பது என்றால் இதைத்தான் செய்கிறோம்.

அப்படியானால் சின்ன பஃபர் யாருக்கு? மைக் முன்னால் நின்று, தன் குரலையே ஹெட்ஃபோனில் கேட்டபடி பாடுகிறவருக்கு. குரல் சற்றே பிந்திக் காதில் விழுந்தாலும் அவருக்குத் தாளம் தடுமாறும். அந்தத் தாமதத்தைக் குறைக்கத்தான் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1990-களின் பிற்பகுதியில் ஆசியோவைக் கொண்டுவந்தது. நல்ல கருவிதான், ஸ்டூடியோவுக்கு. நாம் பிளே பொத்தானை அமுக்கி ஒரு விநாடி கழித்துப் பாட்டு வந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? நாற்பது வருஷத்துக்கு முன் பதிவானது, இன்னும் ஒரு விநாடி பொறுக்காதா?

எங்கள் தெருவில் ஒரு அம்மா இருக்கிறார். அவர் வீட்டுக்காரர் தெருக்கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டியவர். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடந்த கூத்துகளை யாரோ டேப் ரெக்கார்டரில் பிடித்து வைத்திருந்தார்கள். பதினோரு கேசட்டுகள். அவர் காலமான பிறகு, பிள்ளைகள் அவற்றை டவுனில் ஒரு கடையில் கொடுத்துக் கம்ப்யூட்டருக்கு மாற்றி வாங்கினார்கள். தங்கச்சி மகன் ஒருவன் வந்து, எல்லாவற்றையும் "உயர்ந்த தரத்துக்கு" செட் செய்து வைத்துவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டான். பத்து விநாடிக்கு ஒரு தடவை டக் டக் என்று வெட்டு. அந்த அம்மா என்னிடம் வந்து, "அவரு கொரலே இல்லண்ணா, வெறும் விக்கல்தான் வருது. டேப்பே பூடுச்சி போல" என்றார். கேசட்டுகளைப் பரணிலிருந்து இறக்கி, பழைய இரும்புக்காரனுக்காக வாசலில் ஒரு பையில் வைத்தும் இருந்தார்.

டேப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பஃபர் மிகச் சிறியதாக இருந்தது, பாட்டு ஆசியோ வழியாகப் போனது, போகிற வழியில் 192 கிலோ ஹெர்ட்ஸுக்கு ஏற்றப்பட்டது. அந்த 192-ஐப் பற்றி ஒரு வார்த்தை. 44.1 கிலோ ஹெர்ட்ஸில் பதிவான ஒன்றை மேலே ஏற்றினால், அதில் இல்லாத முகவீணை நாதம் புதிதாக வந்துவிடாது. பழைய கம்ப்யூட்டருக்கு வேலைதான் கூடும். சாதாரண கேசட்டில் 15,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதுவும் இருப்பதில்லை. 44.1-ஓ 22,000 வரை தாங்கும். நம் வயசுக் காது எதுவரை தாங்கும் என்று நான் சொல்லி நீங்கள் மனம் வருந்த வேண்டாம். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலம் தள்ளியவன். டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சில் விநாடிக்கு 8,000 மாதிரிகள்தான் எடுப்பார்கள். அதிலேயே கல்யாணம் பேசி முடித்தார்கள், சாவுச் செய்தி சொன்னார்கள், குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்தார்கள்.

ஆகவே புதியவர்களுக்கு என் யோசனை கஞ்சத்தனமானது. ஃபூபார் 2000 என்றால் அவுட்புட் பக்கத்தில் 'டிஃபால்ட்' என்று இருப்பதை அப்படியே விடுங்கள். பஃபர் அளவு 1,000 மில்லி விநாடியாக இருக்கட்டும், வெட்டு வந்தால் 2,000 ஆக்குங்கள். வி.எல்.சி.யில் இதற்கு நெருங்கியது 'ஃபைல் கேச்சிங்', எல்லா அமைப்புகளையும் காட்டச் சொன்னால் உள்ளே கிடைக்கும். விண்டோஸின் சவுண்ட் பகுதியில் 16 பிட், 44,100 என்று வைத்து, 'என்ஹான்ஸ்மென்ட்ஸ்' எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். 'எக்ஸ்க்ளூசிவ்' முறை வேண்டவே வேண்டாம். பாட்டு ஓடும்போது வேறு எந்தச் சத்தமும் வெளியே வராது, சிங்கப்பூரிலிருந்து பிள்ளை கம்ப்யூட்டரில் கூப்பிட்டாலும் மணி கேட்காது. அதே சவுண்ட் பகுதியில் 'கம்யூனிகேஷன்ஸ்' என்று ஒரு தாள் உண்டு. அங்கே, அழைப்பு வந்தால் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறை என்று விண்டோஸே போட்டு வைத்திருக்கும். பாட்டு திடீரென்று கிணற்றுக்குள் போனதுபோல் ஆவதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம். 'டூ நத்திங்' என்று மாற்றுங்கள்.

பாட்டுகள் யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்கில் இருந்தால், அது நடுவில் தூங்கி எழுந்திருக்கும்போது ஓர் இடைவெளி வரலாம். பவர் ஆப்ஷன்ஸில் 'செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை நிறுத்திவைத்துப் பாருங்கள். ஃபூபாரில் ஃபைல் முழுவதையும் முன்கூட்டியே மெமரிக்கு எடுத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. 45 நிமிஷக் கேசட் பக்கம் ஒன்று வேவ் ஃபைலாக ஏறக்குறைய 475 எம்.பி. வரும். இன்றைய கம்ப்யூட்டருக்கு அது பெரிய சுமை இல்லை.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். இதைச் செய்யாமல் அமைப்புகளைத் தோண்டுகிறவர்கள்தான் அதிகம். வெட்டு விழுந்த இடத்துக்குத் திரும்பப் போய் மறுபடி கேளுங்கள். அதே நொடியில் அதே டக் வந்தால் அது ஃபைலிலேயே இருக்கிறது. டேப்பிலோ மாற்றும்போதோ வந்தது, எந்த பஃபரும் அதைத் தீர்க்காது. கேசட் கையில் இருந்தால் மறுபடி மாற்றச் சொல்லலாம், அதனால்தான் கேசட்டைத் தூக்கிப் போடக் கூடாது என்கிறேன். இரண்டாம் தடவை வெட்டு இடம் மாறினால் கம்ப்யூட்டர் தடுமாறுகிறது என்று அர்த்தம். அதற்குத்தான் மேலே சொன்ன மருந்து.

மூன்றாவது ஒன்று நம் கடற்கரைக்கே உரியது. வெட்டாக இல்லாமல் கரகரவென்று இரைந்து, ஒரு பக்க ஸ்பீக்கர் போய்ப் போய் வந்தால், சாஃப்ட்வேரைத் தொடாதீர்கள். ஸ்பீக்கர் பிளக்கை ஜாக்கில் மெதுவாகத் திருகுங்கள். இரைச்சல் மாறினால் பிளக்கில் உப்புக் காற்று பட்டுப் பச்சை பூத்திருக்கிறது. எலக்ட்ரிகல் கடையில் கான்டாக்ட் கிளீனர் கிடைக்கும். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, பிளக்கில் ஓர் அடி அடித்து, நாலைந்து முறை செருகி எடுத்தால் போதும். எங்கள் பக்கத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது இதைச் செய்ய வேண்டியிருக்கிறது, கடற்கரையை ஒட்டிய வீடுகளுக்கு இன்னும் சீக்கிரமாகவே.